பறக்காத கழுகு

மிசிசிப்பி ஆற்றின் பனிக்கரையில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழுகுகளைப் படமெடுத்துவரும் ஒரு வேட்டைக்காரர், தான் எடுத்ததிலேயே சிறந்த படத்தை வீட்டுச் சுவரில் மாட்டவில்லை.

காலை மணி ஏழு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், லெக்ளேர் என்ற சிற்றூருக்குச் சற்றுக் கீழே, மிசிசிப்பியின் குறுக்கே நிற்கிறது 14-ம் எண் அணை. மதகுகளுக்குக் கீழே தண்ணீர் நுரைத்துப் புரள்கிறது. அதிலிருந்து எழும் ஆவி கரையோர மரக்கிளைகளில் பட்டு வெண்படலமாக உறைகிறது. வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி. எஞ்சின் ஓடவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுவதுமாக இறக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குளிரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர் ஒன்று வண்டி பழுதாகி நிற்பவராக இருக்க வேண்டும். அல்லது கழுகைப் படமெடுக்க வந்தவராக இருக்க வேண்டும்.

அவருக்கு வயது 70. விவசாய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் விளிம்பில் பயறு நிரப்பிய துணிப்பை. அதன் மேல் 500 மில்லிமீட்டர் லென்ஸ். உதிரி பேட்டரிகள் சட்டையின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டி இருக்கின்றன. வெளியே வைத்தால் குளிரில் பாதி உயிர் போய்விடும். ஹீட்டரும் போடக் கூடாது. வண்டிக்குள்ளிருந்து வெளியேறும் சூடான காற்றும் வெளியே உள்ள குளிர்காற்றும் லென்ஸுக்கு முன்னால் கலந்தால் கானல் போல நெளியும், படம் மங்கிவிடும். மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விட வேண்டும். நேராக விட்டால் வ்யூ ஃபைண்டரில் பனி படர்ந்துவிடும்.

வண்டியை விட்டு இறங்கி நிற்கலாம்தான். ஆனால் கழுகுகளுக்கு வண்டியைக் கண்டு அவ்வளவு பயம் இல்லை. இரண்டு காலில் நடந்து வரும் உருவத்தைக் கண்டால்தான் பயம். அந்தப் பயத்துக்கான காரணங்கள் அமெரிக்க வரலாற்றில் நிறையவே இருக்கின்றன.

மினியாபொலிஸிலிருந்து செயின்ட் லூயி வட்டாரம் வரை மேல் மிசிசிப்பியில் 25-க்கும் அதிகமான அணைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1930-களில் கட்டப்பட்டவை. பாசனத்துக்காக அல்ல, சோளமும் சோயாவும் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகுகள் தரை தட்டாமல் போக ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்பதற்காக. டிசம்பர் பிறந்தால் ஆறு உறையத் தொடங்குகிறது. படகுப் போக்குவரத்து நிற்கிறது. ஆனால் அணையின் கீழே நீர் விழுந்து புரளும் இடம் மட்டும் உறைவதில்லை. குளிர் தாங்காத ஷாட் வகை மீன்கள் மயங்கியும் செத்தும் அங்கே மிதந்து வருகின்றன. வடக்கே மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவிலும் ஏரிகள் கண்ணாடியாக இறுகிவிட்ட பிறகு, கழுகுகளுக்குச் சோறு கிடைக்கும் இடம் இதுதான்.

எனவே, குளிர் கூடக் கூடக் கழுகுகளும் கூடுகின்றன. மனிதர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சும் நாள்தான் படமெடுக்க உகந்த நாள். 2019 ஜனவரி 31 அன்று பக்கத்து ஊரான மொலீனில் வெப்பநிலை மைனஸ் 36 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஊரில் பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு அது. அன்று மட்டும் அவர் வீட்டில் இருந்தார். மனைவியின் உத்தரவு.

இந்தப் பறவையை ஆங்கிலத்தில் ‘பால்டு ஈகிள்’ என்கிறார்கள். தமிழில் பல இடங்களில் இது ‘மொட்டைக் கழுகு’ என்றும் ‘வழுக்கைத் தலைக் கழுகு’ என்றும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. பாவம், அதற்கு மொட்டையும் இல்லை, வழுக்கையும் இல்லை. தலை நிறைய வெள்ளை இறகு. வெண்மையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்று பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது; சொல்லின் பொருள் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. வெண்தலைக் கழுகு என்பதே பொருத்தம். அந்த வெண்மையும் பிறவியில் வருவதல்ல. முதல் நான்கைந்து ஆண்டுகள் உடல் முழுக்கப் பழுப்பும் வெள்ளைத் திட்டுகளுமாக இருக்கும். ஐந்து வயதை ஒட்டித்தான் தலையும் வாலும் வெளுக்கின்றன. சிறகை விரித்தால் சுமார் இரண்டு மீட்டர். ஆணைவிடப் பெண் பெரிது. குரல்தான் ஏமாற்றம். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கீச்கீச்சென்று மெலிந்த ஒலி வருகிறது. ஹாலிவுட் படங்களில் இந்தக் கழுகு தோன்றும்போது கேட்கும் கம்பீரமான கூவல் பல நேரங்களில் செவ்வால் பருந்திடம் கடன் வாங்கியது.

படமெடுப்பவர்களுக்கு இந்த வெள்ளைத் தலைதான் தலைவலி. கருத்த உடலுக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்தால் தலை வெறும் சுண்ணாம்புப் பொட்டாகிவிடுகிறது. கண்ணும் அலகும் இருக்கும், இறகு இருக்காது. தலைக்கு அளந்தால் உடல் கரித்துண்டாகிறது. ஸ்லைடு பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். சுருள் கழுவி வர ஒரு வாரம். வந்த 36-ல் இரண்டு தேறினால் அது நல்ல வாரம். அந்த நாட்களில் அவர் கற்றுக்கொண்ட பாடம், தரையெங்கும் பனி கிடக்கும் நாளுக்குக் காத்திருப்பது. பனி வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. மற்ற நாட்களில் நிழலில் மறையும் சிறகின் அடிப்பகுதி அன்று ஒவ்வொரு இறகாகத் தெரியும்.

இன்றைய கேமராக்கள் விநாடிக்கு 20 படம் எடுக்கின்றன. பறவையின் கண் எங்கே என்று தாமே தேடிப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் கழுகு எப்போது கிளம்பும் என்பதை இன்னும் மனிதன்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் அறிகுறிகள் உண்டு. உடல் முன்னால் சாயும். காற்று வரும் திசைக்கு முகம் திரும்பும். எச்சமிடும். அடுத்த சில விநாடிகளில் கிளை காலியாக இருக்கும். “பாரத்தை இறக்கிவிட்டுத்தான் விமானம் புறப்படும்” என்று சொல்லிச் சிரிக்கிறார் அவர். காற்றும் சூரியனும் படமெடுப்பவர் முதுகுப் பக்கம் இருந்தால் கழுகு முகத்தைக் காட்டிக்கொண்டு அவரை நோக்கியே எழும். இரண்டும் ஒருசேர அமையும் காலைகள் ஒரு குளிர்காலத்தில் ஐந்தோ ஆறோதான் வரும்.

அவர் சிறுவனாக இருந்தபோது இந்த ஆற்றங்கரையில் கழுகைப் பார்த்ததே இல்லை. 1782-ல் தேசத்தின் முத்திரையில் ஏறிய பறவை அது. பிறர் பிடித்த மீனைப் பறித்துத் தின்னும் ஒழுக்கங்கெட்ட பறவை என்று 1784-ல் மகளுக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொண்டதோடு விட்டார். மற்றவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். சால்மன் மீனைத் தின்கிறது என்று அலாஸ்காவில் 1917-ல் கழுகின் தலைக்கு விலை வைத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அது நிறுத்தப்படுவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் கொல்லப்பட்டிருந்தன. கழுகைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம் என்று 1940-லேயே சட்டம் வந்துவிட்டது. அலாஸ்கா அப்போது அதற்குள் வரவில்லை.

துப்பாக்கிக்குத் தப்பியதை டி.டி.டி. பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயலிலும் சதுப்பிலும் தெளிக்கப்பட்ட அந்தப் பூச்சிக்கொல்லி மழைநீரோடு ஆற்றுக்கு வந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகில் குவிந்தது. கழுகு சாகவில்லை. அதன் முட்டை ஓடு மெலிந்துபோயிற்று. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1963-ல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் எஞ்சியிருந்தவை 417 ஜோடிகள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ வெளிவந்திருந்தது. 1972-ல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. 1977-ல் ஐயோவாவின் வடகிழக்கு மூலையில் ஒரு கூடு காணப்பட்டது. அந்த மாநிலத்தில் சுமார் 70 ஆண்டுகளுக்குப் பிறகு தென்பட்ட முதல் கூடு அது. 2007-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து கழுகின் பெயர் நீக்கப்பட்டது. 2021-ல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி அந்த 48 மாநிலங்களில் 3,16,700 கழுகுகள்.

இந்த எண்கள் அவருக்கு மனப்பாடம். தன் கண்ணெதிரே நடந்த அதிசயம் என்றே அவற்றைச் சொல்வார். 1991-ல் பழைய கேமரா ஒன்றை வாங்கி முதல் கழுகைப் படமெடுத்தபோது அது ஆற்றின் அக்கரையில் ஒரு புள்ளி. வீட்டில் யாரும் அது கழுகு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பிருந்தே அவர் வேட்டைக்காரர். பன்னிரண்டு வயதில் தந்தையோடு காட்டுக்குப் போனவர். பிறகு தன் மகனை அழைத்துப் போனவர். ஐயோவாவில் டிசம்பர் மாதம் மான் வேட்டைக்கு இரண்டு கட்டமாக அனுமதி உண்டு. உரிமச் சீட்டு வாங்கி, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு மான் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. இங்கே அதில் வியப்போ வெட்கமோ இல்லை. ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் ஒரே வினைச்சொல்தான். பொறுமை, காற்றின் திசை, மிருகத்தின் மனம் அறிதல் என்று வேட்டையில் கற்றதையெல்லாம்தான் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்ததாக அவர் சொல்வார்.

ஆற்றங்கரைக்கென்றும் சில நியதிகள் உண்டு. குளிர்காலக் கழுகு பகலின் பெரும்பகுதியை மரத்தில் சும்மா உட்கார்ந்தே கழிக்கிறது. அது சோம்பல் அல்ல, சிக்கனம். கிடைக்கும் மீனில் வரும் சூடு, இரவைத் தாண்டுவதற்கே சரியாக இருக்கிறது. படத்துக்காக அதை ஒரு தடவை எழுப்பிவிட்டால் அது செலவழிக்கும் தெம்பை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வார இறுதியில் நகரங்களிலிருந்து வருபவர்களில் சிலர் கைதட்டி எழுப்புகிறார்கள். சிலர் வாளியில் மீன் கொண்டுவந்து வீசிக் கழுகை வரவழைக்கிறார்கள். அப்படி எடுத்த படங்கள் அழகாகவே இருக்கின்றன. அவர் அவர்களோடு பேசுவதில்லை. “மான் வேட்டையில் தீனி வைத்துச் சுடுகிறவனுக்கு என்ன பெயரோ அதுதான் இவனுக்கும்” என்பார். கழுகு பறக்கத் தயாராவதைக் கண்டால் பின்வாங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. 30 ஆண்டுகளில் அந்த விதியை மீறியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

2023 ஜனவரியில் ஒரு பிற்பகல். அணைக்குச் சில கிலோமீட்டர் மேலே, ஆற்றிலிருந்து பிரியும் கிளையோடையின் கரையில் நடந்துகொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் காட்டன்வுட் மரமொன்றின் தாழ்ந்த கிளையில் ஒரு கழுகு. முழு வளர்ச்சி அடைந்த பெண். பன்னிரண்டு மீட்டர் தூரம்கூட இருக்காது. அவர் அப்படியே நின்றார். கழுகு பறக்கவில்லை. மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்தார். பறக்கவில்லை. கேமராவை உயர்த்தினார். அது திரும்பி அவரைப் பார்த்தது.

வானம் மெல்லிய மேகத்தால் மூடியிருந்தது. ஓடை முழுக்கப் பனி. நிழலே இல்லாத வெளிச்சம். தலையின் ஒவ்வொரு இறகும், மஞ்சள் அலகின் விளிம்பில் இருந்த சிறு கீறலும், கண்ணுக்குள் பனிவெளியின் வெண்கோடும் லென்ஸில் தெரிந்தன. அலகு லேசாகத் திறந்திருந்தது; மூச்சு ஆவியாக வந்தது. அந்த ஆவியோடு சேர்த்து எடுத்தார். இடமாக நகர்ந்து எடுத்தார். நின்று எடுத்தார். நாற்பது நிமிடம். ஒரு தடவைகூடக் கழுகு அவர் விதியை அவருக்கு நினைவூட்டவில்லை. தனக்கு அஞ்சாத ஒரு கழுகைச் சந்தித்துவிட்டதாக, முப்பது ஆண்டுப் பொறுமைக்குக் கூலி கிடைத்துவிட்டதாக அவர் நினைத்தார். இருட்டத் தொடங்கியதும் ஓசைப்படாமல் பின்வாங்கி வந்தார். வரும் வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டு வந்ததாக நினைவு.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தார். “ஏன் எல்லாப் படத்திலும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது?” என்று அவர் மனைவிதான் கேட்டார்.

அவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எல்லாப் படத்திலும் அலகு திறந்திருந்தது. சிறகுகள் உடலோடு ஒட்டி மடங்கியிருக்கவில்லை, தோளிலிருந்து தொங்கின. வாலின் வெள்ளை இறகில் பச்சை நிறக் கறை. ஒரு கால் விரல்கள் கிளையைப் பற்றாமல் மடங்கிச் சுருண்டிருந்தன. கழுகு அவருக்கு அஞ்சாமல் இருக்கவில்லை. அதனால் பறக்க முடியவில்லை.

அவரால் இன்றுவரை தாங்க முடியாதது இதுதான்: ஓடாமல் நிற்கும் மிருகம் நோயுற்ற மிருகம் என்பது வேட்டைக்காரனுக்கு அரிச்சுவடி. கையில் துப்பாக்கியோடு அந்த வளைவில் திரும்பியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். கேமரா இருந்ததால் தெரியவில்லை.

காயமுற்ற கழுகுகளைப் பராமரிக்கும் மையத்துக்குப் போன் செய்தார். அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை; செய்தி சொல்லிவைத்தார். விடியுமுன் அழைப்பு வந்தது. தடித்த கையுறையும் கம்பளியுமாக வந்த தன்னார்வப் பெண்ணோடு ஓடைக்குப் போனார். கழுகு கிளையில் இல்லை. மரத்தடியில், பனியில், சிறகு விரிந்தபடி உட்கார்ந்திருந்தது. கம்பளியைப் போர்த்தியபோது அது எதிர்க்கவில்லை. தூக்கிப் பார்த்த அந்தப் பெண் எடை மிகவும் குறைவு என்றார். மையத்தில் ரத்தத்தைச் சோதித்தார்கள். காரீய அளவு கருவி காட்டக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் அரிசியளவு உலோகத் துணுக்கு. காரீயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் ஊசி போட்டார்கள். மறுநாள் மாலை கழுகு இறந்தது. முந்தைய நாள் பிற்பகலிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டார். “தெரியாது” என்றார் மருத்துவர். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனிதர்.

காரீயம் எங்கிருந்து வந்தது என்பதில் மருத்துவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம், நஞ்சு. மானின் உடலில் பாயும் தோட்டா சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள்கூடத் துளையைச் சுற்றிப் பல அங்குலம் வரை பரவுகின்றன. வேட்டைக்காரர்கள் அங்கேயே மானைக் கிழித்து, குடலையும் ஈரலையும் போட்டுவிட்டு, உடலைத் தூக்கிச் செல்கிறார்கள். நரிக்கும் காக்கைக்கும் கழுகுக்கும் அது விருந்து. மீன் கிடைக்காத நாளில் கழுகு தேடி வருவது அந்தக் குவியலைத்தான். கழுகின் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது. காரீயத்தையும் அப்படியே கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

2022-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்ததில், ஏறத்தாழப் பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட காரீய நஞ்சு இருந்தது. வெண்தலைக் கழுகுகளின் பெருக்கத்தை அது ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் குறைக்கிறது என்று கணித்தார்கள். வாத்து வேட்டைக்குக் காரீயக் குண்டு 1991 முதலே நாடு முழுவதும் தடை. கலிபோர்னியா மாநிலம் 2019-லிருந்து எல்லா வேட்டைக்கும் தடை செய்துவிட்டது. ஐயோவாவில் மானுக்குத் தடை இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதை புதிதல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. ஒரு காலத்தில் கணக்கற்று இருந்த பாறுக் கழுகினம் பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாத நிலைக்கு வந்த பிறகு, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு ஊசி போட்டவர் யாரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. மானைச் சுட்டவரும் நினைக்கவில்லை.

மருத்துவர் கேட்ட அடுத்த கேள்விதான் அவரை உட்கார வைத்தது. “அந்த ஓடைப் பக்கம் யாராவது மான் வேட்டைக்குப் போகிறார்களா?”

ஓடைக்குப் பின்னால் இருக்கும் சோளக் காட்டில் ஒவ்வொரு டிசம்பரும் சுடுவது அவரும் அவர் மகனும்தான். அந்த டிசம்பரிலும் இரண்டு மான்கள். குடலை அவர்தான் வழக்கமான இடத்தில், வேலியோரம் கொட்டினார். பக்கத்து வயல்களிலும் வேட்டை நடக்கிறது. கழுகு பல கிலோமீட்டர் சுற்றுகிறது. அந்தத் துணுக்கு அவர்கள் சுட்ட தோட்டாவுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

மகனிடம் சொன்னார். மகனுக்கு வயது 41. அவனும் தொழிற்சாலைத் தொழிலாளிதான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. “நாம் சுட்டது மானை, அப்பா. கழுகு மூன்று லட்சம் இருக்கிறது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? ஒரு பெட்டிச் செப்புத் தோட்டா என்ன விலை தெரியுமா? நம் பழைய துப்பாக்கியில் அது நேராகப் போகுமா என்பதே சந்தேகம்.” இன்னொன்றும் சொன்னான். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கட்டும் வரியிலிருந்துதான், 1937-ல் வந்த சட்டத்தின்படி, மாநிலங்களுக்கு வன உயிர்ப் பாதுகாப்புக்குப் பணம் போகிறது. “கேமரா வாங்குகிறவர்கள் அப்படி ஒரு வரி கட்டுவதாக எனக்குத் தெரியவில்லை.”

அவரிடம் பதில் இல்லை. படத்தை எடுத்துக் காட்டினார். மகன் வெகுநேரம் பார்த்தான். “நல்ல படம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அந்த ஆண்டு டிசம்பரில் இருவரும் வழக்கம் போலப் போனார்கள். வழக்கமான தோட்டாதான். ஒரு பெண்மான் விழுந்தது. மகன் மானைக் கிழித்தான். குடலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளினான். பிறகு வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். தரை ஓர் அடி ஆழத்துக்கு உறைந்து பாறையாகக் கிடந்தது. குழி தோண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான். அன்று இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் மகனின் பையில் புதிய பெட்டி ஒன்று இருந்தது. செப்புத் தோட்டா. விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. முந்தைய மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அவன் பழைய துப்பாக்கியைக் குறிபார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தது மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

இறந்த கழுகை யாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஓர் இறகை எடுத்துப் போவதும் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவை கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து, சடங்குகளுக்காக விண்ணப்பித்துக் காத்திருக்கும் பூர்வகுடி மக்களுக்குப் போகின்றன. அந்தப் பெண் கழுகும் அப்படித்தான் போனதாக மையத்தில் சொன்னார்கள். எங்கோ ஒரு வழிபாட்டில் அதன் இறகு இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீட்டுக் கூடத்தில் ஒன்பது கழுகுப் படங்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. மீனோடு எழும் கழுகு, பனிக்கட்டி மேல் சண்டையிடும் இளங்கழுகுகள், 1991-ன் புள்ளிகூட இருக்கிறது. அந்தப் படம் இல்லை. அதை மையத்துக்குக் கொடுத்துவிட்டார், தன் பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர்கள் அதைப் பெரிதாக அச்சிட்டு, கீழே நான்கு வரியில் விஷயத்தைச் சொல்லி, வேட்டைச் சாமான் விற்கும் கடைகளுக்குத் தந்தார்கள். ஒட்டியவர்களும் உண்டு, ஒட்டாதவர்களும் உண்டு. அவர் தோட்டா வாங்கும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் மாதம் கடையில் கூட்டம் அதிகம். வரிசையில் நிற்பவர்கள் படத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். எழுத்தைப் படிப்பவர் குறைவு. ஆனால் எல்லோருமே வேட்டைக்காரர்கள். தூரம் கணிக்கத் தெரிந்தவர்கள். போன ஆண்டு அவருக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞன் கடைக்காரரிடம் கேட்டான்: “இவ்வளவு கிட்டே எப்படிப் போனான்?”

கடைக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டியிருந்தது. “அதனால் பறக்க முடியவில்லை” என்றார்.

இளைஞன் மறுபடி படத்தைப் பார்த்தான். பிறகு கீழே இருந்த நான்கு வரியைப் படிக்கத் தொடங்கினான்.